மிரண்ட நாய் வீட்டுக்கு வந்தால்: சில பயனுள்ள குறிப்புகள்

நாய்க்குட்டி வளர்க்கக் குறிப்பு சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வளர்ந்த நாட்டு நாயை, அதுவும் அடிபட்டு, விரட்டப்பட்டு, காப்பகத்தில் கிடந்து வந்த நாயை ஒரு ஃப்ளாட்டுக்குள் குடிவைப்பது வேறு கதை. கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ளும். தட்டில் வைத்த சோற்றை நாம் தூங்கிய பிறகுதான் தொடும். தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சினால் இரண்டு நாளில் பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கேட்காதீர்கள். பயந்த நாயை விட்டுத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டுச் செவலை கற்றுக்கொடுத்ததும், கால்நடை மருத்துவர்களும் காப்பகக்காரர்களும் வழக்கமாகச் சொல்வதும் சேர்ந்தவை கீழே உள்ள குறிப்புகள்.

1. நாய் வருவதற்கு முன்பே அதற்கு ஒரு மூலையைத் தயார் செய்துவிடுங்கள். வாசல் கதவு, சமையலறை, பாத்ரூம் இந்த மூன்றுக்கும் தள்ளி, இரண்டு பக்கம் சுவர் இருக்கிற இடம் நல்லது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பழைய போர்வையை மூன்று பக்கமும் தொங்கவிட்டாலே போதும். நான்காவது பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உள்ளே போன நாயை யாரும் கை நீட்டித் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. வீட்டில் இந்த ஒரு சட்டத்தை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

2. டைல்ஸ் தரையை யாரும் யோசிப்பதில்லை. மண்ணிலும் தாரிலும் நடந்து பழகிய கால்களுக்கு வழவழவென்ற தரை பெரிய மிரட்டல். செவலை வந்த அன்று நிலைப்படி தாண்டி இரண்டடி வைத்தது. நகங்கள் சறுக்கின, நான்கு கால்களும் நான்கு பக்கம் விலகின. வயிறு தரையில் படும்படி அப்படியே நின்றுவிட்டது. பழைய சாக்கு, தேங்காய் நார் மிதியடி, ஜமுக்காளம் என்று கையில் கிடைத்ததைப் போட்டு, மூலையிலிருந்து தண்ணீருக்கும் வாசலுக்கும் ஒரு பாதை அமைத்துவிடுங்கள். நடை தேறிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். வீடு கொஞ்ச நாள் அலங்கோலமாகத்தான் இருக்கும்.

3. வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். நாறட்டும். டாக்டர் சொன்னாலொழிய குளியல் காத்திருக்கலாம்.

4. முதல் வாரம் பார்வையாளர்கள் வேண்டாம். அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டுப் பிள்ளைகள், யாராக இருந்தாலும் வீடியோ அனுப்பினால் போதும்.

5. நாய் பழக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பதற்றம் கொஞ்சம் அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று ஆகும். அது தோராயம்தான். தெருவிலேயே வளர்ந்த நாய்க்கு இன்னும் நீளலாம். முதல் சில நாட்கள் நாய் சத்தமே போடாமல், வைத்த இடத்தில் கிடந்தால், ‘எவ்வளவு சமர்த்து பாருங்க’ என்பார்கள். அது சமர்த்து இல்லை, பயத்தில் உறைந்துபோய்க் கிடக்கிறது. பிறகு அது எழுந்து நடக்கும்போதும் குரைக்கும்போதும், ‘முன்னே நல்லாத்தானே இருந்தது’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

6. பயத்தின் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வால் கால்களுக்கு நடுவே போவது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் வராதபோது கொட்டாவி, சோறு இல்லாதபோது மூக்கை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பது, வெயில் இல்லாமலே இரைப்பது, பிடித்த தீனியைக்கூட மறுப்பது ஆகியவையும் பயம்தான். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இந்தச் சின்னச் சைகைகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். டாக்டர் மேஜையில் நின்ற நாய் இறங்கிய பிறகு பாருங்கள், பாதத் தடம் ஈரமாக இருக்கும். பயத்தில் அதற்கு உள்ளங்காலில் வேர்க்கும். வால் ஆடினால் சந்தோஷம் என்றும் இல்லை. தாழ்ந்த வால் படபடவென்று ஆடுவது ‘என்னை விட்டுவிடு’ என்ற கெஞ்சலாகவும் இருக்கும்.

7. உறுமினால் திட்டாதீர்கள், விலகிப் போங்கள். கடிப்பதற்கு முன் அது கொடுக்கும் முன்னறிவிப்பு அது. உறுமலை அடக்கிவைத்தால் அடுத்த முறை அறிவிப்பு இல்லாமலே கடிக்கும்.

8. அதன் எதிரே சட்டென்று குனியாதீர்கள். நம் ஊர்த் தெருவில் ஒருவர் குனிகிறார் என்றால் கல்லை எடுக்கிறார் என்று அர்த்தம். கல் இல்லாவிட்டாலும் குனிவதுபோல் பாவனை செய்தாலே தெருநாய் பத்தடி ஓடும். அதை நாம் எல்லோரும் சிறு வயதில் செய்திருக்கிறோம். அந்தப் பாடம் அதன் உடம்பில் இருக்கிறது. கீழே விழுந்த சாவியை எடுப்பதாக இருந்தாலும், பேப்பரைப் பொறுக்குவதாக இருந்தாலும், முதலில் அதற்குப் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி மெதுவாக உட்கார்ந்து எடுங்கள். எடுத்த கையோடு ஒரு துண்டு கோழியைத் தரையில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். குனிந்த கையிலிருந்து கல்லுக்குப் பதில் கோழி வருகிறது என்று பல முறை பார்த்த பிறகுதான் ஓட்டம் நிற்கும். செவலைக்கு இது எல்லாவற்றையும்விட அதிக காலம் பிடித்தது.

9. நாயைப் பழக்க வேண்டுமென்றால் அதைக் கவனிக்காதீர்கள். தரையில், அதற்கு முதுகையோ பக்கவாட்டையோ காட்டி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், கீரை ஆயுங்கள், போனைப் பாருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம். வந்து முகர்ந்தால் அசையாமல் இருங்கள், உடனே கையைக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வீட்டில் நாய் என்றாலே முகம் சுளிக்கிற தாத்தா ஒருவர் உண்டு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அசைய மாட்டார், நாயைத் திரும்பியும் பார்க்க மாட்டார். கொஞ்சிக் கூப்பிட்ட நாங்கள் எல்லோரும் காத்திருக்க, செவலை முதன்முதலில் போய்ப் படுத்தது அவர் காலடியில்தான்.

10. தடவும்போது உச்சந்தலைக்கு மேலே கை போகக் கூடாது. மார்பிலோ தாடைக்குக் கீழோ இரண்டு மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே முட்டிக்கொண்டு வரும். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

11. தீனியைக் கையில் நீட்டி ‘வா வா’ என்று இழுக்காதீர்கள். பசி ஒரு பக்கம் இழுக்க, பயம் மறுபக்கம் இழுக்க, கழுத்தை நீட்டி வாங்கிய பிறகுதான் நாம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பதே அதற்கு உறைக்கும். பதறிவிடும். அதற்குப் பதில், துண்டை நாய்க்குப் பின்பக்கமாகப் போடுங்கள். நம்மைவிட்டு விலகிப் போய்த் தின்னும், நிம்மதியாகும், அடுத்த துண்டுக்குத் தானாகவே திரும்பி வரும். வருவதா வேண்டாமா என்பது அதன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும், திரும்பி வரும் தூரம் தானே குறையும். துண்டு கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும். உப்பு, காரம் போடாமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை எல்லாம் ஆகும்.

12. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்பு எதுவும் கூடாது. வெந்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ‘நாய்க்கென்ன, பிரியாணி மிச்சத்தைப் போடு’ என்பவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

13. சாப்பாடு, வெளியே போவது, விளக்கணைப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். எழுந்திருக்கும் முன் ‘எழுந்துக்கறேன்’, கதவைத் திறக்கும் முன் ‘கதவு’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

14. மிக்ஸிக்கும் குக்கருக்கும் பழக்குவது ஒரு கலை. நமக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கோ 45,000 வரை. மோட்டாரின் கீச்சொலியில் நமக்குக் கேட்காத பகுதியும் அதற்குக் கேட்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, தூரத்து அறையில் ஒருவர் மிக்ஸியை இரண்டு நொடி ஓட்டட்டும். அது நின்றதும் இன்னொருவர் கோழித் துண்டு போட வேண்டும். முதலில் சத்தம், பிறகு தீனி என்ற வரிசை மாறக் கூடாது. தீனியை முதலில் காட்டினால், தீனி வந்தாலே சத்தம் வரப்போகிறது என்று தலைகீழாகப் படித்துக்கொண்டு, கோழியைப் பார்த்தே ஓட ஆரம்பிக்கும். மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்கு நடந்ததும் இதே வரிசைதான். துண்டைத் தொடாமல் நின்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் தள்ளிப் போங்கள். குக்கர் விசில் எப்போது வரும் என்று நமக்கே தெரியாது. ஆகவே ஆரம்பத்தில் சோற்றை வடித்துக்கொள்வது உத்தமம்.

15. துடைப்பம், மாப் குச்சி, குடை, ஹெல்மெட். இவற்றைப் பார்த்து ஓடும் நாயின் பழைய கதையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பொருளைத் தரையில் படுக்க வைத்து, சுற்றிலும் தீனியைத் தூவிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது அசைவதை இன்னொரு நாள் காட்டலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பெருக்கும்போது நாய் வேறு அறையில் இருக்கும், முடித்துவிட்டுப் போகும்போது ஒரு துண்டு போட்டுவிட்டுப் போகட்டும்.

16. பயந்த நேரத்தில் ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பயம் அது வேண்டுமென்று செய்கிற சேட்டை இல்லை, பரிசு கொடுத்ததால் பெருகுவதற்கு. இடி இடிக்கும்போது வந்து சாய்ந்தால் சாயவிடுங்கள், மெல்லத் தடவுங்கள். ஆனால் பயப்படும் பொருளின் முன்னால் பிடித்து நிறுத்தி ‘பார், ஒன்றுமில்லை’ என்று காட்டும் வேலை மட்டும் வேண்டாம். அங்கே அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவர்களிடமிருந்து தப்பிக்க முடியாது.

17. மண்ணில் போய்ப் பழகிய நாய் டைல்ஸில் சிறுநீர் கழிக்கத் தெரியாமல் நாள் முழுக்க அடக்கிவைத்துக்கொள்ளும். மரத்தடி மண்ணை ஒரு அகலத் தட்டில் கொட்டி பால்கனியில் வையுங்கள். நாம் கிட்டே போனதும் பணிந்து சிறுநீர் விட்டால் அது பயத்தில் நேர்வது. திட்டினால் கூடும், கண்டுகொள்ளாமல் விட்டால் குறையும். துடைக்கப் பினாயில் வேண்டாம். சோப்புத் தண்ணீரும், பிறகு கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரும் போதும்.

18. வெளியே அழைத்துப் போக அவசரமில்லை. போகும்போது மட்டும் இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையைச் சுருக்கினால் கழுத்துப் பட்டை சட்டென்று கழன்றுவிடும். உடம்பில் மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டையும் கயிற்றோடு இணையுங்கள். பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். அதிகாலையும், தெரு அடங்கிய இரவும் நல்ல நேரம். லிஃப்டைவிடப் படிக்கட்டு நல்லது. உங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்களுக்கு இது அந்நியன் என்பதை மறக்க வேண்டாம், எதிர்த்திசையில் திரும்பிவிடுங்கள். பத்தடி நடந்து, நின்று, முகர்ந்து, திரும்பிவிட்டாலும் அது வாக்கிங்தான்.

19. கை நழுவி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள். உட்காருங்கள், பக்கவாட்டில் திரும்புங்கள், தீனியைத் தூவுங்கள். கண்ணில் படாத தூரம் போய்விட்டால், கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் படுக்கைத் துணியையும் சாப்பாட்டையும் வைத்துவிட்டு இரவில் போய்ப் பாருங்கள். வாட்ச்மேன், டீக்கடை, இஸ்திரி வண்டிக்காரர் எல்லோரிடமும் சொல்லவேண்டியது ஒன்றே: பார்த்தால் போன் பண்ணுங்கள், பிடிக்கப் போகாதீர்கள்.

20. பயம் என்று நாம் நினைப்பது சில நேரம் வலி. காதுப் புண், சொத்தைப் பல், சரியாகக் கூடாத பழைய எலும்பு முறிவு, உண்ணிக் காய்ச்சல் எல்லாமே நாயை மூலையில் ஒடுங்க வைக்கும். ஆகவே முழுப் பரிசோதனை ஒன்று அவசியம். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. ரேபிஸ் தடுப்பூசி, டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி எந்தத் தேதியில் என்று காப்பகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று பொருள். கிளினிக் போகும்போது வீட்டு மிதியடியைக் கொண்டுபோய் மேஜையில் விரியுங்கள். மற்ற நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருக்காமல் வெளியே நில்லுங்கள், முறை வந்ததும் கூப்பிடுவார்கள். பயம் தீரவே இல்லை என்றால் அதற்கு மாத்திரை உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்ததைத் தருவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நம் அலமாரியில் இருக்கும் பாராசிட்டமாலையும் இபுபுரூஃபனையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

21. கடித்துவிட்டாலோ, பல் லேசாகப் பட்டாலோ, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ‘நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே’ என்று இருந்துவிடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. இதில் மட்டும் விட்டுப் பிடிக்கும் வேலை கிடையாது.

22. தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு தமிழகத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். தெருப் பையன்களின் கடிகாரம் வேறு. பகலிலேயே வெளியே அழைத்துப் போய் வந்துவிடுங்கள். பிறகு உள்ளறை, மூடிய ஜன்னல், ஓடும் ஃபேன், டிவி. பாத்ரூமுக்குள் போய் ஒளிந்தால் ஒளியட்டும், அங்கேயே துணியை விரித்துக் கொடுங்கள். உண்மையில் தீபாவளியைவிடச் சிக்கல், முன்னறிவிப்பில்லாத சாவு ஊர்வல வெடியும் அம்மன் கோயில் திருவிழா வேட்டும்தான். தூரத்தில் பறைச் சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்தப் பழகிக்கொள்ளுங்கள்.

23. விருந்தாளிக்கு மூன்று விதி: பார்க்காதே, பேசாதே, தொடாதே. சிறு குழந்தைகளோடு நாயைத் தனியாக விடவே கூடாது. குழந்தை கட்டிப்பிடிப்பதை நாய் பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு.

24. வீட்டில் ஏற்கெனவே தைரியமான நாய் ஒன்று இருந்தால் பாதி வேலையை அது செய்துவிடும். முதல் சந்திப்பு மட்டும் வெளியே, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்து முடியட்டும். சோற்றுத் தட்டுகள் தனித்தனி அறையில்.

25. மாநகராட்சி உரிமம் வாங்கிவிடுங்கள். சென்னையில் அது கட்டாயம், ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும். நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் சங்கக் கூட்டத்தில் குரல் உயர்த்தத் தேவையிருக்காது.

26. முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. நன்றாகப் பழகிய நாய் ஒரு வெடிச் சத்தத்துக்குப் பிறகு பழையபடி கட்டிலடியில் போய்விடும். முதல் குறிப்பிலிருந்து தொடங்குங்கள், இந்த முறை சீக்கிரம் வெளியே வரும். நாய்கள் புதியவற்றை எளிதாக ஏற்கும் பருவம் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான். அந்தப் பருவத்தில் மனிதர்களையே நெருங்கிப் பார்க்காத நாய் கல்யாண மண்டபத்தில் வாலாட்டி நிற்கப்போவதில்லை. நிற்கவும் தேவையில்லை. எதைப் பழக்க வேண்டும், எதை ஒதுக்கிவிடலாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்கள், டாக்டர், காலிங் பெல் இவை கட்டாயம். கடற்கரைக் கூட்டம் கட்டாயமில்லை.

27. தேறுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுருண்டு படுத்த நாய் கால் நீட்டிப் பக்கவாட்டில் படுக்கும். எழுந்ததும் முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறிக்கும், பயந்த பிறகு உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வேலையைப் பார்க்கும். சாப்பிடும்போது நாம் குறுக்கே போனால் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடரும். கூரியர்காரரைக் குரைத்து விரட்டப் பார்க்கும். அதன் பிறகு திருட்டு ஆரம்பிக்கும். கொடியில் காயும் துண்டு, சோபா குஷன், ஜோடியில் ஒரு செருப்பு. அதுவும் புதுச் செருப்பாகப் பார்த்து எடுக்கும். செருப்பு ஸ்டாண்டை உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.